சீட்டில் எழுதாத நாலாவது இடம்

ஓய்வு பெற்ற ஆளைப் பார்த்தால் எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். பென்ஷன் ஒழுங்காக வருகிறதா? சர்க்கரை இருக்கிறதா? போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்ட பிரகாஷ் மட்டும் மூன்றாவதாக ஒன்று கேட்டான். நான் வேலை பார்த்த அதே நிலத்தடி நீர் ஆபீசில் இப்போது வேலை பார்க்கிற பையன். அவர்களுக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். கம்பிகளை வரிசையாக அடித்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் பூமிக்குள் இருப்பதைக் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டிவிடுமாம். புதிதாக வந்திருக்கும் ஆபீசர் அந்த மெஷினைத் திறப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்கிறாராம். ஆபீசில் பாதிப் பேருக்குச் சிரிப்பு, பாதிப் பேருக்குக் குழப்பம்.

“அண்ணே, சாமிய நம்புறவரு மெஷினை எதுக்கு நம்பணும்? மெஷினை நம்புறவரு சாமிய எதுக்குக் கும்புடணும்? ரெண்டுல ஒண்ணு டூப்புதானே?” என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே கேள்வியை, இதைவிடத் துடுக்காக, நான் ஒருவரிடம் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அவர் பெயர் ஜெயசீலன். எங்கள் நிலவியல் ஆபீசர். அவரைப் பற்றி எழுதுங்கள் என்று பிரகாஷ் சொன்னதால் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் வாலிகண்டபுரம் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருஷமும் உட்கார்ந்தால் வாடகை கேட்பீர்களே என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். எழுபதுகளின் கடைசியில், தண்ணீர் பார்க்கிற அந்த ஆபீசில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். சுத்தியல் அடிக்க, கம்பி பிடுங்க, கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓட ஒரு ஆள் வேண்டியிருந்தது. என் படிப்புக்கு அது ஏற்ற வேலைதான். முதல் ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது, எந்த ஊரில் எந்தக் கடை பஜ்ஜி நன்றாக இருக்கும் என்பது. மீதியெல்லாம் சாரிடம் வந்த பிறகுதான்.

தண்ணீர் பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் புரியாது. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடிப்போம். வெளிப்பக்கத்து இரண்டு கம்பி வழியாகப் பேட்டரி கரண்டைப் பூமிக்குள் விடுவது, உள்பக்கத்து இரண்டும் மீட்டரில் அதை அளப்பது. வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, கரண்டு ஆழமாகப் போகும். களிமண்ணுக்குச் சின்ன எண், பாறைக்குப் பெரிய எண், நல்ல தண்ணீர் நிற்கிற மணலுக்கு நடுவில் ஒரு எண். தரை காய்ந்து கிடந்தால் கம்பி பிடிக்காது, அடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு குடத்தை வாங்கி, அதில் உப்பைக் கரைத்துத் தரையில் ஊற்றும்போது அந்த ஊர்ப் பெண்கள் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே நான் பாதி நாள் உப்பைக் குறைவாகப் போடுவேன்.

சார் திருநெல்வேலிக்காரர். அப்போது நாற்பது வயது இருக்காது. பல்லிக்குப் பயப்படுவார். ஜோக் சொன்னால் உடனே சிரிக்க வராது. ஜீப் இரண்டு ஊர் தாண்டிய பிறகு திடீரென்று சிரிப்பார், டிரைவர் பயந்து பிரேக் போடுவார். வேலைக்கு இறங்குவதற்கு முன் ஜீப்பில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி ஜெபம் செய்வார். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு இறங்குவார். எங்களிடம் ஒரே ஒரு குடை. அது மீட்டருக்கு. சாருக்கு வெயில்தான்.

மீட்டர் பெட்டியைத் திறந்த பிறகு அவர் ஒரு வார்த்தை ஜெபம் செய்து நான் பார்த்ததில்லை. அதோடு இன்னொரு விசித்திரம். முதல் தடவை மீட்டர் முள்ளைப் பார்க்கவே மாட்டார். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். நான் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார். அடுத்து நான் திரும்பிக்கொள்ள வேண்டும், அவர் பார்த்துச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்பியைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும். எல்லா எண்ணும் வந்து சேரும்வரை அவற்றைத் தாளில் கோடு போட்டுப் பார்க்க மாட்டார். பாதியிலேயே பார்த்தால் மீதியை மனசே வரைந்துவிடும் என்பார்.

“ஏன் சார் திரும்பி நிக்கிறீங்க? முள்ளுக்கு வெக்கமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்குத்தாம்ல வெக்கம். இந்த ஊருக்குத் தண்ணி வரணும்னு எனக்கு ஆசை இருக்கு. ஆசை உள்ளவன் பார்த்தா, முள்ளு அவன் ஆசைப்பட்ட பக்கம் சாஞ்ச மாதிரியே தெரியும்.”

“அதுக்குத்தானே சார் ஜீப்புல ஜெபம் பண்றீங்க, சாயட்டும்னு?”

“சாயணும்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. எது வருதோ அதை அப்படியே எழுதுறதுக்குத் தைரியம் குடும்னுதான் கேப்பேன்.”

“அதுக்கு ஆண்டவரு எதுக்கு சார்? பென்சிலை நல்லாச் சீவுனா போதுமே!”

அன்றைக்கு அரியலூர் ரயில்வே கேட் தாண்டும்போது சிரித்தார்.

அரியலூர்ப் பக்கத்துப் பூமி ஒரு தினுசு. பெரம்பலூர்ப் பக்கம் பாறை. கிழக்கே வரவர சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் அடுக்கு அடுக்காகக் கிடக்கும். கல்லங்குறிச்சி வழியில் எங்கே பள்ளம் தோண்டினாலும் கல்லாகிப்போன சிப்பி கை நிறைய வரும். ஒரு சிப்பியை எடுத்துச் சாரிடம் நீட்டினேன்.

“இது எப்புடி சார் இங்க வந்துச்சு? வேளாங்கண்ணி போயிட்டு வந்த பஸ்ஸுலேருந்து விழுந்துடுச்சா?”

“இங்க கடல் இருந்துச்சுல.”

“எப்ப?”

“கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால.”

இதற்காகத்தான் காத்திருந்தேன். “ஆறே நாள்ல ஒலகத்தையே பண்ணி முடிச்சதா ஒங்க பைபிள்ல இருக்குதாமே. ஞாயித்துக்கெழம ஒரு கணக்கு, திங்கக்கெழம ஒரு கணக்கா சார்? ஆண்டவரு ஆடிட்டிங் வந்தா மாட்டிக்குவீங்க.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிப்பியை வாங்கி மண்ணை ஊதினார். “இந்தச் சிப்பி பொய் சொல்லாது செல்வராஜ். இதைப் பண்ணினவரும் பொய் சொல்ல மாட்டார்னு நான் நம்புறேன். நடுவுல படிக்கிறவன் ஒருத்தன் இருக்கான் பாரு, நான். தப்பு வந்தா அங்கதான் வரும். பூமியையும் தப்பாப் படிக்கலாம், வேதத்தையும் தப்பாப் படிக்கலாம்.”

எனக்கு அது நழுவுகிற பதிலாகத்தான் பட்டது. அவர் போகிற கிறிஸ்தவ ஊர்களிலும் யாருக்கும் அது பிடித்ததில்லை. இதெல்லாம் நோவா காலத்து வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்பார்கள். சார் பள்ளத்துக்குள் இறங்கி, கீழ் அடுக்கில் ஒருவகைச் சிப்பி, மேல் அடுக்கில் வேறுவகைச் சிப்பி, ஒரே வெள்ளம் என்றால் எல்லாம் கலந்து கிடக்க வேண்டாமா என்று காட்டுவார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “நோவா காலத்து வெள்ளந்தாங்க சார்” என்பார்கள். அவரும் காபியைக் குடித்துவிட்டு வருவார்.

ஆனால் ஒரே ஒரு ஊரில் விஷயம் காபியோடு முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை ஏமாற்றிய ஒரு வருஷம். அரியலூரிலிருந்து தா.பழூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிறிஸ்தவத் தெரு. ஒரு காலத்தில் சொந்த நிலம் இல்லாமல் பெரிய தெருக்காரர்களின் வயலில் கூலிவேலை செய்தவர்கள். இரண்டு தலைமுறைக்கு முன் வேதத்துக்கு வந்தவர்கள். ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கோவில், எதிரே ஒரு மைதானம், அதற்கப்பால் கல்லறைத் தோட்டம். தெருவுக்கென்று கிணறு இல்லை. பெரிய தெருக் கிணற்றடிக்குப் பெண்கள் குடத்தோடு போய்த் தள்ளி நிற்பார்கள். அந்தத் தெரு ஆள் யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் உண்டு. கயிற்றைத் தொடக் கூடாது. அவசரம் என்று வாய் திறந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் அங்கே யாரும் பேசுவதில்லை. கோடையில் அதுவும் இல்லாமல் ஏரிக் கலங்கலை எடுத்துக் குடித்து, முந்தின வருஷம் வயிற்றுப்போக்கில் நான்கைந்து குழந்தைகள் போய்விட்டன.

அந்தத் தெருவுக்கு ஒரு போர் சேங்ஷன் ஆகியிருந்தது. ஒன்றே ஒன்று. தண்ணீர் வராவிட்டால் மறுபடி முறை வருவதற்கு வருஷங்கள் ஆகும்.

நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியபோது ஊரே கோவில் வாசலில் நின்றது. எங்களுக்கு மாலை. இடம் குறித்து முடித்தாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார் யாக்கோபு உபதேசியார். போதகர் டவுனிலிருந்து மாதம் ஒருதரம்தான் வருவார். மற்ற நாளெல்லாம் கோவிலை நடத்துகிறவர் உபதேசியார்தான். ஊர் முழுக்க உபவாசம் இருந்து, திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்திருந்தார்கள். முக்கியமான காரியம் எதுவானாலும், இடங்களையோ பெயர்களையோ சீட்டில் எழுதி, ஜெபித்து, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது அவர்கள் வழக்கம். கோவிலுக்கு முன்னால், கோவிலுக்குப் பின்னால், மைதானத்து வேப்பமரத்தடி என்று மூன்று சீட்டு. வந்தது கோவிலுக்கு முன்னால். அங்கே சுண்ணாம்பில் ஒரு சிலுவை போட்டு, யாரும் மிதிக்காமல் முள் வெட்டி வைத்திருந்தார்கள்.

“எங்களுக்கு வேலை வைக்கலையே உபதேசியாரே. கம்பியை ஜீப்புலயே வச்சிட்டு பிரியாணி சாப்ட்டுட்டுக் கெளம்பவா?” என்றேன்.

“மீட்டர் வச்சுப் பாருங்க தம்பி. ஆண்டவரு சொன்னதை மீட்டரும் சொல்லட்டும்” என்றார் அவர்.

அன்று முழுக்க அடித்தோம். சுண்ணாம்புச் சிலுவை இருந்த இடத்தில் கம்பியைத் தள்ளித் தள்ளி அடிக்க, எண் விழுந்துகொண்டே போனது. சுத்தக் களி. அதற்குக் கீழேயும் களி. கோவிலுக்குப் பின்னால் அதே கதை, வேப்பமரத்தடியிலும் அதே கதை. சார் மறுநாளும் வந்தார். ஊரைச் சுற்றி எல்லாப் பக்கமும் வைத்தோம். கல்லறைத் தோட்டத்தின் மேட்டு மூலையில், இன்னும் யாரையும் அடக்கம் செய்யாத வெற்றிடத்தில்தான் எண் விழுந்து, பிறகு ஆழத்தில் நிமிர்ந்தது. நான் சொன்னேன், அவர் எழுதினார். அவர் சொன்னார், நான் கேட்டேன். சந்தேகப்பட்டுக் கம்பி வரிசையைக் குறுக்கே திருப்பி மறுபடி அடிக்கச் சொன்னார். எண் மாறவில்லை. களிக்குக் கீழே மணல் இருக்கிறது, அதில் நல்ல தண்ணீர் இருக்கலாம் என்றது கோடு.

ஜீப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எலேய் செல்வராஜ், இதை எப்படில சொல்லுறது?” என்றார்.

“மாலையைக் கழட்டி வச்சிட்டுச் சொல்லுங்க சார். இழுத்தா கழுத்து அறுக்கும்.”

சாயங்காலம் கோவிலுக்குள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சார் சுற்றி வளைக்கவில்லை. சீட்டு விழுந்த இடத்தில் தண்ணீர் இல்லை, கல்லறைத் தோட்டத்து மூலையில் இருக்கலாம் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“நீங்களும் விசுவாசிதானே சார்? ஆண்டவரு பொய் சொல்லிட்டாருங்கிறீங்களா?”

“பொணம் பொதைக்கிற எடத்துல குடிதண்ணியா? பெரிய தெருக்காரன் காறித் துப்புவான்!”

உபதேசியார் கையைத் தூக்கி அமர்த்தினார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீட்டை எழுதியவர் அவர், ஜெபித்தவர் அவர். மெதுவாகக் கேட்டார். “சரிங்க சார். மூணு எடத்துல, சீட்டு விழுந்த எடமாவது கொஞ்சம் தேவலாமா? அதையாவது சொல்லுங்க.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. உபதேசியாருக்கு மானம், ஊருக்கு ஆறுதல், எங்களுக்குச் சாப்பாடு. நானாக இருந்தால் இரண்டு தடவை ஆமாம் சொல்லியிருப்பேன்.

“இல்லய்யா” என்றார் சார். “மூணும் ஒண்ணுதான்.”

அப்போதுதான் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். சலோமி. நிறைமாதம். முந்தின வருஷம் ஏரித் தண்ணீரில் போன பிள்ளைகளில் ஒன்று அவள் பெண்.

“உபதேசியாரே, சீட்டுல கல்லறைத் தோட்டத்தை எழுதிப் போட்டீங்களா?”

“அதை எப்புடிம்மா எழுதுவேன்? அது அடக்கம் பண்ற எடமாச்சே.”

“எழுதாத சீட்டை ஆண்டவரு எப்புடிங்க எடுத்துக் குடுப்பாரு?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேறு யாரும் சிரிக்காததால் இருமினேன்.

நான்கு சீட்டாக எழுதி மறுபடி போடுவோம் என்று ஆண்கள் பக்கத்தில் குரல் எழும்பியது. எல்லோருக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. எனக்கு அதைவிட நல்ல வழி தோன்றியது. சாரின் காதருகே போய், “சார், சீட்டை நான் எழுதுறேன். நாலுலயும் கல்லறைத் தோட்டம்னே எழுதிடுறேன். எந்தப் புள்ள எடுத்தாலும் ஒரே எடந்தான். அவுங்களுக்கும் சந்தோசம், நமக்கும் வேலை முடியும்” என்றேன்.

அவர் என்னை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. “முள்ளைப் பொய் சொல்ல விடுறேனால நான்? சீட்டை மட்டும் விடுவேனா?” கோவில் முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாயில் என்னமோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து தேடினேன்.

சார் எழுந்து நின்றார். “சீட்டுப் போடுறது ஒங்க இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். கோவிலுக்கு முன்னாலன்னு மறுபடி வந்தாலும், அங்க போர் போடச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். இல்லாத தண்ணியை இருக்குன்னு எழுதச் சொல்லி ஆண்டவர் என்கிட்ட கேக்க மாட்டார். அந்த மூலை வேண்டாம்னு நீங்க சொன்னா, அதையும் எழுதிடுறேன். போர் வேற ஊருக்குப் போயிடும்.”

“அங்க போட்டா கட்டாயம் வந்துடுமா சார்?” என்றாள் சலோமி.

“கட்டாயம்னு சொல்ல என்னால முடியாதும்மா. நான் தப்பாப் படிச்சிருக்கலாம். தப்பாயிட்டா கல்லறைத் தோட்டத்துல ஒரு வெத்துக் குழிதான் மிஞ்சும்.”

உபதேசியார் பலிபீடத்துப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். ஜெபிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. திரும்பியபோது சீட்டுப் போடுகிற பித்தளைக் கிண்ணம் கையில் இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

“இன்னொரு தடவ போட வேணாம். ‘ஆண்டவரே, தண்ணி எங்கருக்கு’ன்னு நாம கேக்கல. கோவிலுக்குப் பக்கத்துல எங்க போடலாம்னு கேட்டோம். நம்ம கோவில் அழகாத் தெரியணும்னு கேட்டோம். கேள்வி கோணலு. சார் சொல்ற எடத்துலயே போடட்டும். வெத்துக் குழியாப் போனா, நான் பதில் சொல்லிக்கிறேன்.”

போர் வண்டி வந்த அன்றைக்கு அடுத்த சிக்கல். அந்த மூலைக்குப் போகிற வழியில் பழைய கல்லறைகளுக்கு நடுவே ஒரு சின்ன மண்மேடு, மரச் சிலுவை. சலோமியின் பெண்ணுடையது. மறுபக்கம் வாய்க்கால். மேட்டின் மேல் ஏறாமல் வண்டி போகாது என்றார் ஆபரேட்டர் மணியண்ணன். சலோமியே வந்து சிலுவையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“தண்ணியில்லாமத்தான் சார் செத்துச்சு. போவட்டும். ஏத்துங்க.”

சார் தொப்பியைக் கழற்றினார். “வேண்டாம்மா. அதை நட்டு வை.” பிறகு எங்களைப் பார்த்து, “வாய்க்காலைத் தூத்து வழி பண்ணுங்கல” என்றார். நாங்களும் தெருப் பையன்களும் மத்தியானம்வரை கல்லும் மண்ணும் அள்ளிக் கொட்டினோம். மணியண்ணன் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். நான் கேலி செய்யாமல் இருந்த அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

துளை இறங்கியது. களி, களி, நீலக் களி. ஆட்களின் முகமும் அதே நிறத்துக்கு மாறியது. சார் மண் மாதிரியை ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் விரலில் தேய்த்துப் பார்த்து வரிசையாகக் குவித்து வைத்தார். உபதேசியார் ஒரு கல்லறை மேல் கையை ஊன்றி நின்றார். கடைசியில் சேற்றோடு வெள்ளை மணல் வந்தது. சார் அதை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். ஏர் கம்ப்ரஸரை விட்டதும் முதலில் சேறு பீய்ச்சி என் சட்டையெல்லாம் அடித்தது, அப்புறம் கலங்கல், அப்புறம் தெளிவு. நல்ல தண்ணீர்.

மேலே இருக்கிற மண்ணிலிருந்து ஒரு சொட்டும் உள்ளே கசியக் கூடாது என்று குழாயைச் சுற்றிக் களியும் சிமெண்டும் இறுக்கி அடைக்க வைத்தார் சார். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குத் திருச்சிக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை யாரும் குடிக்கக் கூடாது என்று, புதிதாக மாட்டிய கைப்பம்பைக் கயிற்றால் கட்டினார். முடிவு வந்தது. சுத்தமான தண்ணீர். சாரே கயிற்றை அவிழ்த்தார்.

ஒருவரும் குடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். பம்பின் கைப்பிடி துரு ஏறத் தொடங்கியிருந்தது. பெண்கள் குடத்தோடு அதே பெரிய தெருக் கிணற்றுக்குப் போய், அதேபோலப் பேசாமல் நின்றுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். பெரிய தெருவில் யாரோ ‘பொணத்தண்ணி’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சார் கோவில் வாசலில் நின்று ஆய்வு முடிவைப் படித்துக் காட்டினார். அடைத்த முறையை விளக்கினார். ஒரு டம்ளர் அடித்துக் குடித்தும் காட்டினார். நானும் இரண்டு டம்ளர் குடித்து, “செத்தேனா பாருங்க” என்றேன்.

மரியம் என்கிற கிழவி சொன்னாள்: “நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் ஜீப்பு ஏறிப் போயிடுவீங்க. நாங்கல்ல இங்க இருக்கணும்.”

சார் ஜீப்பில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் தோற்றுப்போனதைப் பார்த்தேன். “எல்லாம் சரியாப் பண்ணினோமேல” என்றார்.

போதகர் வருகிற ஞாயிறு வந்தது. சலோமிக்குப் பையன் பிறந்திருந்தான், அன்றைக்கு அவனுக்கு ஞானஸ்நானம். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சாப்பாட்டுக்காகப் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் எப்போதும் பெரிய தெருக் கிணற்றிலிருந்து முதல்நாளே வாங்கி வைப்பது வழக்கம். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது உபதேசியார் அந்தக் குடத்தை எடுத்து, வாசலுக்கு வெளியே கொண்டுபோய், வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டார். எல்லோரும் கழுத்தைத் திருப்பினார்கள். வெள்ளை அங்கியோடு, காலிக் குடத்தோடு, மைதானத்தைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தார். பாட்டு நின்றுவிட்டது. பம்பு அடிக்கிற சத்தம் மட்டும் கிறீச் கிறீச்சென்று கேட்டது.

திரும்பி வந்தவர் யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. சலோமி முன்னால்தான் நின்றார்.

“ஒன் புள்ள. நீ சொல்லணும்மா.”

சலோமி குழந்தையின் குல்லாயைக் கழற்றினாள். “அவன் அக்கா பக்கத்துலேருந்து வந்த தண்ணிதானே. ஊத்துங்க.”

உபதேசியார் குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். போதகர் ஒரு கணம் அவரைப் பார்த்தார், பிறகு தொட்டிக்குள் கையை விட்டார். மூன்று தடவை ஊற்றினார். பையன் வீறிட்டு அழுதான். நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் வாய்க்குள் போனது. அழுகையை நிறுத்தி, நாக்கை நீட்டி, சப்புக்கொட்டினான்.

“குடிச்சிட்டான்!” என்றாள் மரியம் கிழவி.

அதற்கு மேல் அங்கே ஆராதனை எங்கே நடந்தது? பிரசங்கத்தைப் பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கல்லறைத் தோட்டத்துப் பக்கம் ஒரே கூச்சல். சார் பதறிப்போய் எழுந்தார்.

“என்னல அங்க?”

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பம்பைச் சுற்றிக் குடங்கள், குடத்துக்கு இரண்டு பெண்கள். மரியம் கிழவி வரிசையில் புகுந்துவிட்டாள் என்று ஒருத்தி அவள் குடத்தைத் தூக்கி எறிந்திருந்தாள். கிழவி, “யார் வூட்டுப் பம்புடி இது, ஒங்க அப்பன் வூட்டுதா?” என்று கத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். எதிராளி, “எங்க பம்புடி, எங்களுது!” என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

“சண்டை சார். தண்ணிக்கு” என்றேன்.

“போய் விலக்கி விடேம்ல.”

“சும்மா இருங்க சார். இத்தன வருசமா வாயத் தொறக்க முடியாம நின்னவளுங்க. நல்லாச் சத்தமா போடட்டும்.”

சார் மறுபடி உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.